திம்மப்பன் கொல்லையில் வெட்டிய குழி

ஜனவரி 5, ஞாயிறு

உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர், திம்மப்பன் என்பவரின் கொல்லை. ராகி அறுத்த தாளுக்கு நடுவே ஒரு நடுகல். பதினான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாற்று மன்றத்தோடு சுற்றுகிறேன். இவ்வளவு தெளிவான எழுத்தைக் கண்டதில்லை. மைதா மாவைத் தடவியதும் வரிகள் எழுந்து வந்தன. மாடுகளை மீட்கப் போய் இறந்த ஒருவன். அவன் வீட்டாருக்குப் பொன் கொடுத்ததாகக் கடைசி வரி. அதை நான்தான் படித்தேன். மன்றத் தலைவர் முத்துக்குமார் சார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், "பலே பொற்கொடி!" என்றார்.

திம்மப்பன் ஒன்றுதான் கேட்டார். "எங்க இருக்குதுன்னு மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்கம்மா. கடப்பாறையத் தூக்கினு வந்துருவானுங்க."

சரி என்றேன்.

கேனில் தண்ணீர் தீர்ந்திருந்தது. மாவைக் கழுவாமலே வந்துவிட்டோம்.

ஜனவரி 6

நேற்று பஸ்ஸில் வரும்போதே படத்தை மன்றத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன். "பொன் கொடுத்த செய்தியுடன் புதிய நடுகல்!" ஊர்ப் பெயரை எழுதவில்லை. அதில் ஒரு பெருமை வேறு. இன்று காலையில்தான் கவனித்தேன் — படத்தின் அடியிலேயே அட்சரேகை, தீர்க்கரேகை, குட்டி வரைபடம். களப்பணிக்கென்று நாங்கள் எல்லோரும் போனில் வைத்திருக்கும் கேமரா செயலி, தானாகவே பதித்துவிடும்.

அழித்துவிட்டேன். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேரை நான் பார்த்ததுகூட இல்லை.

ஜனவரி 8

தெரியாத எண். கன்னடம் கலந்த தமிழ். ரொம்ப மரியாதை. "அக்கா, கல்லு போட்டோ பார்த்தேன். பொன்னுன்னு எழுதியிருக்குதே, எவ்ளோ ஆழத்துல இருக்கும்?"

அது அந்தக் காலத்திலேயே கொடுத்து முடிந்தது, அங்கே ஒன்றும் இல்லை என்றேன்.

"சும்மா சொல்லாதீங்கக்கா" என்று சிரித்தான்.

ஜனவரி 10

வெட்டிவிட்டார்கள்.

கல்லை ஒட்டி ஆள் உயரக் குழி. யானை வந்து போனதா என்று பார்க்க விடியலில் போன திம்மப்பன் அதில் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முத்துக்குமார் சார் போனில் சொன்னார். அடுப்பை அணைக்கக்கூடக் கை வரவில்லை.

யார் செய்தது? நான்தானே. நான்தான்.

ஜனவரி 11

திம்மப்பனின் மகன் மாதேஷைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கொல்லையை விற்கச் சொல்லி அப்பாவோடு சண்டை போட்டவனாம். கல்லுக்கு மாவு பூசி, புதையல் பூசை செய்திருக்கிறானாம்.

மாவு! என் கையால தடவின மாவு அய்யா அது.

சாரிடம் சொன்னேன். "பேசாம இருங்கம்மா. நாமதான் காட்டிக் கொடுத்தோம்னு தெரிஞ்சா, இனி இந்த மாவட்டத்துல எவன் நமக்குக் கல்லு காட்டுவான்? விசாரிச்சிட்டு விட்டுருவாங்க."

ஜனவரி 12

விடவில்லை. ரிமாண்ட்.

மாலையில் மறுபடி அதே எண். இந்த முறை அக்கா என்று கூப்பிடவில்லை. "மேடம், யாரு கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும். உங்க வீட்டுக்கு எதுத்தாப்ல பால் பூத்துதானே? பச்சைக் கேட்டு?"

கேட்டு பச்சைதான்.

ஜனவரி 13

வெளியே போகவில்லை. வாசலில் பைக் வேகம் குறைந்தால் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஜனவரி 14

பொங்கல். வீட்டுக்காரருக்குக் கம்பெனி லீவு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாப்பிட்ட கை காயும்வரை உட்கார்ந்திருந்தார். "கல்லப் பாக்கப் போறேன்னு போயி, கல்லத் தூக்கித் தலையில போட்டுட்டு வந்திருக்கியே ஏட்டி." திட்டவில்லை. அவருக்கும் பயம். நாலு நாள் கோவில்பட்டிக்குப் போய் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்றார்.

பையில் துணி அடுக்கினேன். அந்த நாலு நாளும் மாதேஷ் எங்கே இருப்பான்? அடுக்கியதை எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்தேன்.

ஜனவரி 16

ஸ்டேஷனுக்குப் போனேன். இவரும் வந்தார்.

எஸ்.ஐ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "புதையலுக்கு மேப்பே போட்டுக் குடுத்திருக்கீங்களேம்மா. படிச்சவங்க வேற." மைதா தடவியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தபோது ஏட்டு எட்டிப் பார்த்தார். "மைதாவா? கல்லு படிக்கப் போனீங்களா, புரோட்டா போடப் போனீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த எண்ணையும் கொடுத்துவிட்டேன். முகவரி என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. வீட்டு எண் உட்பட எழுதினேன்.

ஜனவரி 20

மன்றக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். சார் போனை எடுப்பதில்லை.

ஜனவரி 27

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருவரைப் பிடித்துவிட்டார்களாம். ஒருவன் எங்கள் குழுவிலேயே இருந்தவன். மாதேஷ் வெளியே வந்துவிட்டான். ஆனால் என்னிடம் பேசியவன் இன்னும் அகப்படவில்லை.

சந்தோஷப்படுவதா, ஜன்னலைச் சாத்துவதா? சாத்தினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இதற்கு மேல் தள்ள முடியாமல் திம்மப்பனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திரும்பவில்லை. அவர் மனைவி வெள்ளையம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "ஒரு போட்டோவுக்கு ஒரு இடுப்பு. நல்லா இருக்குதும்மா உங்க படிப்பு." குடித்தேன். குடிக்காமல் வர முடியுமா?

கிளம்பும்போது மாதேஷ் கூடவே வந்தான். கொல்லையில் குழியை மூடி உழுதிருந்தார்கள். கல் இல்லை.

"போனக் குடுங்க" என்றான். கொடுத்தேன். அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "என்னைய வெளிய கொண்டாந்தது நீங்கதான்னு அப்பாவுக்குத் தெரியும். கல்லக் காட்டச் சொன்னாரு. பார்த்துட்டு வாய மூடிக்கங்க."

பார்த்தேன். ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. ரோட்டுக்கு வந்த பிறகுதான் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

சாயங்காலம் முத்துக்குமார் சார் அழைத்தார், இத்தனை நாளுக்குப் பிறகு. "கல்லு அங்க இல்லையாமே பொற்கொடி? நீங்க போயிருந்தீங்களாமே. எங்க வச்சிருக்காங்க? நம்ம பதிவுக்குத்தான் கேக்கறேன். வெளிய போவாது."

"தெரியாது சார்" என்றேன்.

இரண்டு தாழ்ப்பாளும் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கல் இருக்கும் இடத்தை இந்த நோட்டிலும் எழுதவில்லை.