கிணற்றில் நின்ற சிவப்புப் புள்ளி

14-11-1985
என் நூலகத்தில் நூலக வாரம் தொடங்கிவிட்டது. ஞாயிறன்று லேசர் ஒளிக்காட்சி, குடும்பத்தோடு வரலாம் என்று தட்டியில் எழுதி வைத்தேன். விளாங்குடியில் பாதிப் பேர் ஏதோ சினிமா போடப்போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இருளாயி மதினியையும் வரச் சொன்னேன். காசிமாயன் அண்ணன் பரவை மார்க்கெட்டுக்குப் போனவர்தான், இரண்டு வருஷமாகத் தகவலே இல்லை. தாலியைக் கழற்றவும் முடியாமல், பூ வைக்கவும் மனசில்லாமல் மதினி எங்கள் வீட்டோடு கிடக்கிறார். விசேஷ வீடுகளில் யாரும் கூப்பிடுவதில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

17-11-1985


காலேஜ் வாத்தியார் விளக்கை அணைத்துவிட்டு லேசர் பெட்டியைப் போட்டார். சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். புகை இருந்தால் கோடு தெரியும் என்றார். கடைகளுக்குச் சாம்பிராணி போடும் சுலைமான் பாய் தூபக்காலோடு வந்திருந்தார். போடுங்கள் பாய் என்றேன். பெரிய புத்திசாலி நான்!

புகைக்குள் சிவப்பாக ஒரு கோடு நீண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இருட்டு, சாம்பிராணி, சிவப்பு... சாமி வர இதற்குமேல் என்ன வேண்டும்? மதினிக்கு அருள் வந்துவிட்டது. கூட்டத்துக்கு மூச்சு முட்ட, ஜன்னலைத் திறந்தேன். பதறிப்போன வாத்தியாரின் கை பட்டுப் பெட்டி திரும்பியது. கோடு ஜன்னல் வழியே வெளியே போய், மொக்கைச்சாமி தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் புள்ளியாக நின்றது.

"அங்கனதான் கெடக்காக" என்றார் மதினி.

யாரும் கைதட்டவில்லை.

26-11-1985
சாயங்காலமானால் மதினி கிணற்றடியில்தான். நான் அந்த ஜன்னலைத் திறப்பதே இல்லை.

9-1-1986
ஒளி நேராகத்தான் போகும், நான் ஜன்னலைத் திறந்ததால் வெளியே போயிற்று, அதில் ஒன்றுமில்லை என்று மதினியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தெறந்தது நீங்கதான் தம்பி. தெறக்க வச்சது யாரு?"



4-5-1986
மதினி அழுத அழுகையில் மொக்கைச்சாமியே மனமிரங்கி, மோட்டார் போட்டுக் கிணற்றை இறைத்தார். ஆள் இல்லை, எலும்பும் இல்லை. சேற்றில் ஒற்றைச் செருப்பு.

"அவுகளதுதான தம்பி?"

அண்ணன் காலுக்கு அது பாதிகூடக் காணாது. ஆனால் மதினியின் முகம்! ஆமாம் மதினி என்றேன்.

20-5-1986
கருமாதி முடிந்தது. தாலி இறங்கியது.

15-7-1986
மதினி நன்றாகத் தூங்குகிறார். மார்க்கெட்டில் காய்க்கடை போட்டிருக்கிறார். நேற்று சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவர்தான். பொய் சொன்னதில் தப்பில்லை... இல்லைதானே?

2-10-1986
பொழுது சாயும்போது வாசலில் ஆள் நிழல். தாடி, நரைத்த தலை.

"என்னடா, நல்லா இருக்கியா?"

அண்ணன். என் கண் முதலில் அவர் காலுக்குத்தான் போயிற்று. இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

மதினி அடுப்படியிலிருந்து வந்தார். கத்தவில்லை, அழவில்லை. அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வெளிச்சம் காட்டுச்சு. செருப்பப் பாத்து நீங்களும் சொன்னீக. இது அவுக இல்ல தம்பி."

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போட்டார்.

அண்ணன் என் வாயைப் பார்த்தார்.  நான் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவர் மொக்கைச்சாமி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். நூலகத்துக்கு வந்து அந்த ஜன்னலைத் திறந்தேன், தெரிகிறது.