கருத்துக்குப் பென்சில்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் சுகம். விடுதிச் சாப்பாட்டில் உப்புதான் கொஞ்சம் குறைவு.

போன வாரம் ஒரு வேடிக்கை. பள்ளிகளில் அறிவியல், தொழில்நுட்பக் கல்வி எப்படி இருக்கிறது என்று ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டு மேலிடத்திலிருந்து படிவம் வந்தது. "எல்லாரும் பென்சில்ல எழுதிக் குடுங்க" என்றார் தலைமையாசிரியர். நான் பேனாவில் எழுதிவிட்டேன். 'ஆய்வகம் பயன்படுகிறதா?' என்ற கேள்விக்கு, 'அதன் பூட்டு நன்றாகப் பயன்படுகிறது' என்று பதில்.

"டீச்சர், கருத்த யாராவது பேனாவுல எழுதுவாங்களா? நான் எப்படித் திருத்துறது?" என்றவர், வேறு படிவம் எடுத்து அவரே நிரப்பினார். அதில் எங்கள் பிள்ளைகள் வாரம் இரண்டு சோதனை செய்கிறார்கள். என் கையெழுத்தை மட்டும் பேனாவில் கேட்டார். போட்டுவிட்டேன் அப்பா. உப்புக் குறைந்த சாப்பாடு, ரோஷம் எங்கிருந்து வரும்?

உங்கள் ரேடியோ கடையில் பழைய டார்ச் பல்பு, துண்டு ஒயர் கிடந்தால் பார்சல் போடுங்கள். மின்சுற்றுப் பாடம் வருகிறது. மூன்று வருடமாகக் கரும்பலகையில்தான் பல்பு எரிகிறது. கூடவே நாலு வரி எழுதி வையுங்கள். போனில் உங்கள் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். பேனாவிலேயே எழுதுங்கள்.

உங்கள் மகள்