உரித்த முட்டை

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அண்ணிக்கு,

உன் கோழிக்கூட்டில் மறுபடியும் சத்தம் கேட்கிறது. சந்தையில் அண்ணன் ஒரு பெருவிடைச் சேவலைப் பார்த்து மயங்கி நின்றார். முட்டையும் வேண்டும், அடைக்கும் உட்கார வேண்டும் என்றால் சிறுவிடை ஜாதிதான் என்று உன் பேச்சையே பேசி அவரை இழுத்து வந்தேன். நான்கு பெட்டை, ஒரு சேவல். கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட்டேன். முட்டை ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சல் நொறுக்கி வைத்திருக்கிறேன். நீ இருந்தால் இதிலும் ஒரு குறை கண்டுபிடித்திருப்பாய்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "உப்பு மட்டும் காட்டாதடி. மத்தத அதுங்களே பாத்துக்கும்."

நீ என்றால் வலையில் சிக்கும் பொடிமீனை வேகவைத்துப் போடுவாய். எனக்குச் சோம்பல். கருவாடு காயப்போடும் பாயில் ஒதுங்கிய தூளையும் தலையையும் கூட்டி அள்ளிப் போட்டேன். ஆசையாகத் தின்றன. மத்தியானம் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவே இல்லை. மறுநாள் கால் மடங்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. உன் கறுப்புப் பெட்டை கருப்பி என் காலடியில்தான் செத்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. ஏரிக்கரையில் நானே குழி தோண்டினேன்.

நீயோ தினமும் உன் கோழி முட்டை ஒன்று வேண்டும் என்றாய். கடை முட்டையில் பொடிசாகப் பார்த்து வாங்கி அவித்தேன். வெள்ளை ஓடு காட்டிக் கொடுத்துவிடும் என்று உரித்து டப்பாவில் எடுத்து வந்தேன். நீ பிட்டுப் பார்த்தாய். இறால் தலை தின்கிற உன் கோழிகளின் முட்டையில் கரு செக்கச்செவேல் என்று இருக்கும். இது வெளுத்திருந்தது. முழுசையும் தின்றாய். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் கேட்க ஆரம்பித்தாய். செவலச்சி அடைக்கு உட்கார்ந்தாளா? உட்கார்ந்தாள் என்றேன். எத்தனை முட்டை வைத்தாய், கீரி வந்ததா, கருப்பி அவளைக் கொத்தாமல் இருக்கிறாளா? பழவேற்காட்டில் பஸ் ஏறும்போதே அன்றைய பொய்யைத் தயார் செய்வேன். மூன்று வாரம். செத்த கோழியைக் குஞ்சு பொரிக்கவும் வைத்தேன், அண்ணி.

கடைசி நாள், "குஞ்சுங்க இன்னா நெறம்டி?" என்றாய்.

"ரெண்டு கருப்பு அண்ணி, மத்ததெல்லாம் செவப்பு."

சிரித்தாய். விடிவதற்குள் போய்விட்டாய்.

கருமாதி முடிந்த பிறகு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவளுக்கு மொத நாளே, முட்டையப் பிட்டதுமே தெரியும் கஸ்தூரி. 'உன் தங்கச்சி என் கோழிங்கள உப்பு போட்டுக் கொன்னுட்டா, நீ வாயத் தொறக்காத, எவ்ளோ தூரம் போறானு பாக்கறேன்'னு சொன்னா."

படுபாவி. ஒரு தடவை திட்டியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். அதற்குக்கூட நீ இடம் தரவில்லை. நான் முழித்து முழித்துப் பொய் சொன்னதை ரசித்துக்கொண்டா படுத்திருந்தாய்? இல்லை, பொய் என்று தெரிந்தும் உன் கோழிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்க ஆசையாக இருந்ததா? அண்ணனைக் கேட்டால் தெரியாது என்கிறார். எனக்கு உன்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. உன்னை நினைக்காத நாளும் இல்லை.

நேற்று புதுப் பெட்டை ஒன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கருவாட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இரை வைக்கிறேன். குஞ்சு பொரிந்த அன்று உன் படத்துக்கு முன்னால் வந்து என்ன நிறம் என்று சொல்கிறேன். எல்லாமே கூமுட்டையாகிப் போனாலும் அதையும் வந்து சொல்கிறேன்.

உன் கோழிகளைக் கொன்ற நாத்தனார்,
கஸ்தூரி