நடுவில் ஒரு ‘ச்’

ராஜபாளையம்
27.10.2024

அன்புத் தம்பி ராம்கிக்கு,

உன் அக்கா மாரிச்செல்வி எழுதுவது. பெயரில் ‘ச்’ சரியாக இருக்கிறதா, பார்த்துக்கொள். நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் சாட்சியாகிவிடும் என்றாய். அதனால்தான் சிங்கப்பூருக்குக் காகிதம். அம்மாவுக்குச் சர்க்கரை குறையவில்லை.

உன் அத்தான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூமாப்பட்டிக்குப் போய் மூன்று வாரமாகிறது. நான் போய் நின்றேன். மாமியார் வாசலிலேயே மறித்து, “பொய்யா இருந்தா கூடப்பொறந்த தம்பியே போடுவானா?” என்று கேட்டார். உள்ளே பாப்பா அழுதது கேட்டது.

உன் ‘நம்மூர் அரட்டை’ தளத்துக்குப் பால்பாண்டி எழுதி அனுப்பியது இது: “திருவண்ணாமலைப் படிக்கட்டுல மாரி செல்வி கட்டிப்பிடிச்சு நின்ன கூத்தை ஊரே பாத்துச்சு.” மாரி ஒரு பையன், செல்வி அவனோடு சுற்றும் பெண். கமா போடவேண்டிய இடத்தில் ‘ச்’ போட்டு வெளியிட்டாய். சந்திப்பிழையைக் கண்டால் உனக்குக் கை சும்மா இருக்காதே! இரண்டு பேர் ஒருத்தி ஆனார்கள். அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை நானும் நம்மூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட மலைக்குப் போயிருந்தேன். போதாதா ஊருக்கு?

பால்பாண்டியே வந்து இதைச் சொல்லி அழுதான். வெளியே சொன்னால் செல்வியின் அண்ணன்மார் உயிரோடு விடமாட்டார்களாம். உண்மையைச் சொல்ல மிச்சம் நீ ஒருவன்தான்.

திருத்தியது நான்தான் என்று ஒரே ஒரு வரி போடச் சொன்னேன். நீ வக்கீலிடம் ஓடினாய். எழுத்தைத் தொட்டதாக ஒத்துக்கொண்டால் நீ பதிப்பாளன், கேஸ் உன்மேல் வரும். தொடவில்லை என்றால் வெறும் மேடை, ஏறிப் பேசுகிறவன் பாடு என்றாராம். “நான் வெறும் மேடைக்கா” என்றாயே, நாக்கு கூசவில்லையா? உன் மாமனார் மில்லைப் பற்றி எவனோ எழுதியதை அரைமணி நேரத்தில் தூக்கினாயே, அன்றைக்கு மட்டும் மேடைக்குக் கை முளைத்ததோ? என்னைப் பற்றியதைப் பத்து நாள் கழித்து நீக்கினாய். அதற்குள் எல்லார் போனிலும் ஏறிவிட்டது.

ஏலே, உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஒரு வரிதானே கேட்கிறேன்?

மகாலட்சுமிக்கு ஏழாம் மாதம் என்று அம்மா சொன்னாள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கட்டும். பெண் பிறந்தால் அக்கா பெயர்தான் என்பாயே, வைக்காதே. கூமாப்பட்டியில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அம்மா பேர் என்ன என்று யாராவது கேட்டால், அம்மா இல்லை என்று சொல்லப் பழக்கியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா