யார் அந்த ‘நீ’?

திங்கட்கிழமை, கடையிலிருந்து

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்து வலி குறைந்து, நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம். மற்றபடி சுகமா என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். வீட்டில் பேசினால் உன் அம்மாவின் காதுக்குத் தப்பாது, கடையில் பேசினால் சாவி ராவுகிற சத்தத்தில் உனக்கு ஒன்றும் விளங்காது. எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன், அந்த வித்தையை உன் தங்கை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நடுநடுவே ஆள் வருகிறது.

வெளிநாடு போய் மாண்டரின் என்கிற சீன மொழி படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். அவள் கம்பெனிக்கு மெஷின் வந்து இறங்கும்போதெல்லாம் அந்த ஊர் ஆட்களும் வருவார்கள், அவர்கள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு அந்த மொழிமேல் பைத்தியம் பிடித்துவிட்டது. கொஞ்ச நாளாக வீடே கிளம்பப்போகிற மாதிரிதான் இருந்தது. கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பெட்டி, அதில் கால் தடுக்காதவர் யாருமில்லை. குளிருக்கென்று வாங்கிய கோட்டை வேர்க்க வேர்க்கப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்பாள். கதவு, நாற்காலி, குளிர்பெட்டி, உப்பு டப்பா என்று கண்ணில் பட்டதிலெல்லாம் அந்த எழுத்தை எழுதி ஒட்டிவைத்தாள், நான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் என் நெற்றியிலும் ஒட்டியிருப்பாள். உன் அம்மாவும் சிரித்த முகமாகத்தான் கோட்டுக்குப் பொத்தான் இறுக்கித் தைத்துக்கொடுத்தாள். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் இவள் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஒரு டீச்சரோடு பேசிப் பழகுவாள். ஒரே சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னால் ஒரு பொருளாம், இறக்கிச் சொன்னால் வேறு பொருளாம், அதனால் இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, நாங்கள் கேட்டால் கேலி செய்வோம் என்று கூச்சம்.

போன வியாழக்கிழமை வந்தது வினை. உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு போன உன் அம்மா அந்த அறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே உன் தங்கை குழைந்து குழைந்து ‘நீ’ என்கிறாள், திரும்பவும் ‘நீ’ என்கிறாள், நடுவில் இருப்பது ஒன்றும் புரியவில்லை, முடிக்கும்போது ஒரு ‘மா’. முன்னால் நீ, பின்னால் மா. உன் அம்மா கதவைத் தள்ளியதும் இவள் பட்டென்று கம்ப்யூட்டரை மூடியிருக்கிறாள். “யாருடி அந்த நீ?” என்று கேட்டதற்கு இவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்த மொழியிலும் நீ என்றால் நீதான், மா என்பது கேள்விக்காகப் போடுவது என்று இவள் விளக்கப்போக, “யார் காதுல பூ சுத்துற? கடல் தாண்டி இருக்கறவங்க நம்ம வார்த்தையவா பேசறாங்க?” என்று உன் அம்மா கத்தியது தெருவுக்கே கேட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் நம்பவில்லை. பொய்தான் சொல்கிறாள், அதைக் கொஞ்சம் நம்புகிற மாதிரியாவது சொல்லக்கூடாதா என்றுதான் நினைத்தேன். படிப்பெல்லாம் சாக்கு, எவனோ அங்கே காத்திருக்கிறான் என்று உன் அம்மா முடிவே கட்டிவிட்டாள். பெட்டியிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒட்டியிருந்த காகிதங்களையும் ஒன்று விடாமல் கிழித்துப் போட்டாள்.

புதன்கிழமை விசா ஆபீஸில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் இந்த வருஷத்து இடம் கையை விட்டுப் போய்விடும், அடுத்த வருஷம் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் பேச்சில்லை. உன் அம்மா பேச வேண்டியதையெல்லாம் கரண்டி பேசுகிறது, தட்டில் அது விழுகிற சத்தத்தை வைத்தே கோபம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிடலாம். உன் தங்கை அறைக்குள்ளேயே சாப்பிடுகிறாள், சாப்பிடுகிறாளா என்பதும் சந்தேகம்தான். நேற்று இங்கே கடைக்கு வந்து நின்றாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “அப்பா, நீங்க தொறந்து குடுத்துடுங்க, உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை” என்றாள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த அலமாரிக்குப் பூட்டு மாற்றியதே நான்தான், அதன் பல் எனக்கு மனப்பாடம். அவள் போனதும் ஒரு சாவி வெட்டிவிட்டேன். இப்போது சட்டைப்பையில் கிடக்கிறது, குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. ஆனால் உனக்குத் தெரியும், சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் நான் யார் வீட்டுப் பூட்டையும் திறந்தது கிடையாது. எத்தனை பேர் கெஞ்சினாலும், மிரட்டினாலும் அந்த வழக்கத்தை விட்டதில்லை. சொந்த வீட்டில் விடலாமா? விட்டால் மகள் போய்விடுவாள், அதற்கப்புறம் உன் அம்மா என் முகத்தில் விழிப்பாளா என்று தெரியவில்லை. விடாமல் இருந்தால் மகள் என்னை மன்னிக்கமாட்டாள். எனக்கு பயமாகத்தான் இருக்கிறது. பெண்ணைத் தனியாக அனுப்புகிற பயம் வேறு இருக்கிறது, அதை இன்னும் வெளியில் காட்டவில்லை. ஆள் வந்துவிட்டது, காரின் சாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டாராம், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

நேற்று மேலே எழுத முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன், சாவியை எடுத்து உன் அம்மா முன்னால் மேசைமேல் வைத்தேன். “இது உன் அலமாரி சாவி. நேத்து வெட்டினேன். நீ பக்கத்துல வந்து நின்னாத்தான் தொறப்பேன்” என்றேன். அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தொறந்து குடுத்துட்டு அவளோட நீங்களும் கெளம்பிப் போயிடுங்க” என்றாள். சரி, போகிறோம், அதற்கு முன்னால் நாளைக் காலையில் ஒரே ஒரு தடவை அந்த வகுப்பில் உட்கார்ந்து பார், அதற்கப்புறமும் அவள் பொய் சொல்கிறாள் என்று தோன்றினால் நானே இந்தச் சாவியைச் சாக்கடையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது, உன் தங்கை சொல்வது உண்மையா என்று எனக்கே அப்போது நிச்சயமில்லை.

இன்று காலையில் மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். திரையில் வந்தது கட்டை முடியும் மூக்குக் கண்ணாடியுமாக வயதான ஓர் அம்மா, பின்னால் அவர்கள் வீட்டு அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது. உன் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள். தலையைத் தாழ்த்தி ஏதோ கேட்டார்கள், தொடக்கத்தில் ‘நின்’ என்று வந்தது, முடிவில் அந்த ‘மா’ வந்தது. உன் தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “நீன்னா நீ, நின்னுன்னா நீங்க. பெரியவங்கள அப்படித்தான் சொல்லணும். நீங்க சாப்பிட்டீங்களான்னு உன்னைக் கேக்கறாங்கம்மா.” உன் அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். “சாப்பிட்டேன்னு சொல்லு” என்றாள், பச்சைப் பொய், வியாழக்கிழமையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை.

அத்தோடு அலமாரி திறக்கும் என்று நினைத்தேன். எழுந்து அடுக்களைக்குப் போனவள் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். பின்னாலேயே போய் நின்றேன், இன்னும் என்ன என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னாள், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அந்தம்மா அசலார், நீங்கன்னு கேக்கறாங்க, கேக்கட்டும். நான் பெத்தவனும் இப்ப அப்படித்தானே கேக்கறான். கெளம்பறப்ப ‘நீ அழாதம்மா, படிச்சு முடிச்சதும் ஓடி வந்துடுவேன்’னு சொல்லிட்டுப் போனான். இப்ப போன் பண்ணா ‘நீங்க சாப்பிட்டீங்களா, நீங்க மாத்திரை போட்டீங்களா’ங்கறான். எப்ப மாறுச்சுன்னே தெரியல. இவளும் போயிட்டு நீங்கன்னு ஆரம்பிச்சா, அப்புறம் என்னை நீன்னு சொல்ல யாரு இருக்கா?” நான் சொல்கிறேனே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டேன்.

இது எனக்குப் புத்தியில் உறைக்கவே இல்லையப்பா. நீ என்னைச் சின்ன வயதிலிருந்தே நீங்கள் என்றுதான் சொல்வாய், அதனால் மாறியது என் காதில் விழவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க வெளி ஆட்களோடு மரியாதையாகப் பேசிப் பேசி உனக்கு அப்படிப் பழகியிருக்கும். ஆனாலும் நினைக்க நினைக்க மனசு கஷ்டமாக இருக்கிறது.

பாத்திரத்தை வைத்துவிட்டு அவளே சாவியை எடுத்தாள். “வந்து பக்கத்துல நில்லுங்க” என்று என்னையும் கூப்பிட்டுத்தான் திறந்தாள். பாஸ்போர்ட்டை உன் தங்கை கையில் திணித்து, “எந்த பாஷை வேணா படிச்சுக்கோ. என்கிட்ட வந்து நின்னு கின்னுன்ன, காலை ஒடச்சிடுவேன்” என்றாள். உன் தங்கை அவளைக் கட்டிக்கொண்டு, “நீ சும்மா இரும்மா” என்று அழுதாள். உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். நாளைக்கு நானே கூடப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன். நான் வெட்டிய சாவியும் இப்போது அவள் இடுப்பில்தான், கேட்டால் முறைக்கிறாள்.

நீ உட்காருகிற நாற்காலியை மாற்று, கழுத்து வலிக்கு மாத்திரையை மட்டும் நம்பாதே. தங்கைக்குத் தைரியமாக நாலு வார்த்தை எழுது, வெளிநாட்டுக் குளிரில் எப்படி இருப்பது என்று உனக்குத்தான் தெரியும். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய் இல்லையா, அம்மா எடுத்ததும், நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாமல், சாதாரணமாகக் கேள்: “நீ சாப்பிட்டியா?”

இப்படிக்கு,
உன் வாயால் ‘நீங்கள்’ கேட்டே பழகிப்போன
அப்பா