மருமகள் அனுப்பாத படிவம்

அன்பு மகளுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. அப்பாவின் இருமல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நம் டிரை கிளீனிங் கடையில் பெட்ரோல் நாற்றமடிக்கும் சால்வென்ட் ஊற்றி ஓட்டிய பழைய மெஷினைத் தூக்கிவிட்டு, தண்ணீரில் வெளுக்கிற மெஷின் போட்டதால்தான் இது என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி. இருக்கலாம். அவள் சொன்னதற்கெல்லாம் உடனே தலையாட்டக் கூடாது என்று வைத்திருந்தேன்.

போனில் இவளைப் பற்றிப் பாதிதான் சொன்னேன், மீதியைக் கேள். மெஷினை மாற்றச் சொன்னதே அவள்தான், அதில் அவள் சொன்னது எல்லாம் நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இஸ்திரி பாய்லரின் சூட்டிலேயே வெந்நீர் காய்ந்துவிடுவதால் கரண்ட் பில் இறங்கியது. கடைசி அலசல் தண்ணீரே அடுத்த துணிக்கு முதல் தண்ணீர். சால்வென்ட் வாங்கும் செலவும் இல்லை, அதன் கசடை அள்ளிப்போகிறவனுக்குக் கொடுக்கும் செலவும் இல்லை. அதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் சாப்பிடும்போது, "தீப்பிடிக்கிற சரக்கு இல்லேன்னா இன்சூரன்ஸ் பிரீமியமும் குறையும் அத்தை, ஒரு படிவம் எழுதிக் குடுத்தா போதும்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் கம்பெனிக்காரன் தன் வரும்படியைத் தானே குறைத்துக்கொள்வான்? ஒன்று, நாளைக்கு ஏதாவது ஆனால் நமக்கு வர வேண்டியதில் கை வைப்பான். இல்லாவிட்டால் இவள் கடையையே தன் பேருக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறாள். இப்படித்தான் என் புத்தி போனது. படிவம் வந்து மூன்று வாரம் ஆகியும் அவள் அனுப்பவில்லை. உன் தம்பி இரண்டு தடவை கேட்டான், "அனுப்புறேன், அனுப்புறேன்" என்று மழுப்பினாள். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

ஒரு மத்தியானம் அவள் துணி கொடுக்கப் போயிருந்தபோது அவள் கைப்பையைத் திறந்தேன். திட்டாதே. படிவத்தில் அப்பா பேர்தான் இருந்தது, எல்லாம் நிரப்பியிருந்தது. 'தீப்பற்றும் திரவம் எதுவும் கடையில் இல்லை' என்ற வரிக்கு எதிரே மட்டும் டிக் அடிக்கவில்லை. மறுநாள் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. "உங்க கடை எரியற வாய்ப்பு குறைஞ்சா எங்க நஷ்டமும் குறையும்மா, அதான் பிரீமியத்தைக் குறைக்கிறோம். ஆனா பொய்யா டிக் அடிச்சிட்டு நாளைக்குத் தீப்பிடிச்சா ஒண்ணும் கிடைக்காது" என்றாள். அப்படியானால் அவள் டிக் அடிக்காததற்குக் காரணம் கடைக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

திரும்பி வந்து போலீஸ் மாதிரி கடையைச் சோதனை போட்டேன். நம் இஸ்திரிக்காரர், அதுதான் நாம் 'மடிப்பு' என்று கூப்பிடுவோமே, அவர், நான் வாயைத் திறக்கும் முன்பே "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். அவர் மேஜைக்கு அடியில், கோட்டு உறைகளுக்குப் பின்னால், இரண்டு கேன் சால்வென்ட்! ஒளித்து வைத்தது யார் தெரியுமா? உன் அப்பா. மருமகள் வெளியே போகிற நேரம் பார்த்துக் கறை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். "எண்ணெய்க் கறைக்குத் தண்ணி என்ன பண்ணும்? முப்பது வருஷமா கைக்குப் பழகின சரக்கு" என்றார். நான் சத்தம் போடவில்லை. "கொதிக்கிற இஸ்திரிப் பெட்டிக்கு ரெண்டடி தள்ளி வச்சிருக்கீங்களே" என்று மட்டும் கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் இரண்டு கேனையும் தானே தூக்கிவந்து மருமகள் முன்னால் வைத்து, "இதை எங்கம்மா குடுக்கணும்?" என்றார். அவள் திடுக்கிடவே இல்லை. "போன் பண்ணா கசடு எடுக்கிறவங்களே வந்து எடுத்துப்பாங்க மாமா" என்றாள். படிவம் வந்த முதல் வாரத்திலிருந்தே அவளுக்குத் தெரியுமாம்! உன் தம்பியிடம் சொன்னால் அவன் வாடிக்கையாளர் முன்னாலேயே அப்பாவைப் பார்த்துக் கத்துவான், சொல்லாமல் டிக் அடித்தால் பொய். அதனால்தான் அந்தப் படிவத்தைப் பைக்குள்ளேயே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். கேன்கள் போன பிறகு கறைக்கென்று ஒரு சோப்புத் திரவம் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கோட்டில் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் கறை போயிற்று, ஒன்றில் போகவில்லை. போகாத கோட்டைப் பார்த்து உன் அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதன் பிறகுதான் அவள் டிக் அடித்துப் படிவத்தை அனுப்பினாள். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் மூலை முடுக்கெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிரீமியம் குறைந்துவிட்டது. நஷ்ட ஈட்டுத் தொகையில் கை வைக்கவில்லையே என்று நான் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். நேற்று அவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, உன் பையைத் திறந்து பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். தலை நிமிராமலே, "தெரியும் அத்தை. நான் நாலா மடிச்சு வச்சேன், நீங்க எட்டா மடிச்சு வச்சிட்டீங்க" என்றாள். அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன். "மாமா மாதிரி நீங்களும் தானா வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. புது வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்ததாக மாப்பிள்ளை சொன்னார். தங்கமான மனுஷர்தான், ஆனாலும் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை நீயே ஒரு தடவை படித்துவிடு.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா