அரிசி டின்னில் ஜாயின் போன்

பூதிகோட்டை ரோடு,
ஆகஸ்டு 11

அன்புள்ள மகன் கிறிஸ்டோவுக்கு அம்மா எழுதுவது.

நான் உன் தங்கை ஜாயின் போனைக் கிணற்றில் போடவில்லை. பக்கத்து வீட்டு பர்னபாஸ் உனக்கு அப்படிச் சொன்னதாகவும், ஞாயிறு பூசை முடிந்து ராபர்ட்சன்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை அது போய், லூயிசா அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, மகளை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறாள் என்று வளர்ந்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். முதலில், நம் வீட்டில் கிணறே இல்லை, போர்தான். போனை அணைத்து, துணியில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்து, மூடிமேல் இட்லி குண்டானை ஏற்றியிருக்கிறேன். உன் தங்கையை யாரும் பூட்டவில்லை. அவளாகத்தான் வெளியே வருவதில்லை.

இனி முறைப்படி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை ஏறவில்லை, ஜாயின் இடுப்பு வெயில் நாளில் பரவாயில்லை, மழை வந்தால் படுத்துவிடுகிறாள். மஸ்கட் சூட்டில் நீயும் மருமகள் நிக்கோலும் உடம்பு நோகாமல் இருக்க ஒவ்வொரு ஜெபமாலையிலும் ஒரு மணி உங்களுக்காக உருட்டுகிறேன். வழக்கமாக உனக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவேன், இந்தத் தடவை கை வரவில்லை. ஏனென்று படித்தால் தெரியும்.

ஜாய் பங்காருபேட்டை ஸ்டேஷனில் விழுந்ததும், பதினோரு வருஷம் காலை ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் போய் வந்தவளை இனி ரயிலில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், வீட்டிலிருந்து செய்கிற ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது, ஐந்து நாளும் நேரில் வர வேண்டும் என்று அவள் ஆபீஸ் கைவிரித்ததும் உனக்குத் தெரிந்தவை. இந்தப் பக்கம் ராகிக்கும் தக்காளிக்கும் ஆள் தேடுவார்கள், பி.காம். படித்தவளை யார் தேடப் போகிறார்கள். கேபிள்காரரிடம் நெட் கேட்டதற்கு, "ஒங்க ஒரு வூட்டுக்காக அம்மாந்தூரம் ஒயர் இழுத்தா என் கதி இன்னாத்துக்கு ஆவுறது" என்றார். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் போனில் நெட் வருகிறது. அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, குடையைத் தொட்டிக் குழாயில் கட்டி, அதன் நிழலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான்கு மாதம் வேலை தேடினாள்.

உனக்கு முழுதாகத் தெரியாதது இனிமேல்தான். ஜூன் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. முதலாவது, கோலாரிலிருந்து மமதா என்ற பெண். ஒரு ஆஸ்பத்திரி நோயாளிகளைப் போனில் கூப்பிட்டு, மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும், மாத்திரை போடுகிறார்களா என்று தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் கேட்கிற வேலை. ஜாய் குளித்துக்கொண்டிருந்ததால் நான்தான் எடுத்தேன். எதையோ மென்றுகொண்டே பேசினாள். "ஆன்ட்டி, ஜாய்க்கு மூணு பாஷை வரும்ல? நாளைக்கு ரெண்டு கால் பேசிக் காட்டச் சொல்லுங்க, அஷ்டே, அவ்ளோதான்" என்றாள். நியமனக் கடிதம் எப்போது வரும் என்று கேட்டேன். "லெட்டரா? அது ஒரு மாசம் களிச்சு மெயில்ல வரும் ஆன்ட்டி. நீங்க பணம் கிணம் ஒண்ணும் கட்டவேணாம். எங்க பொண்ணுங்க பதினஞ்சு பேரும் வீட்லருந்துதான் பண்றாங்க, ஒருத்தி மாட்டுக்குப் புல்லு போட்டுனே பேசுவா" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

இரண்டாவது வேலை கடிதமாக வந்தது. ஜாய் அதை ராபர்ட்சன்பேட்டையில் பிரின்ட் எடுத்து வந்தாள். தலைப்பில் கம்பெனிச் சின்னம், முழு முகவரி, பதிவு எண், மதிப்பிற்குரிய அம்மையீர் என்ற விளிப்பு, கீழே முத்திரை, அதிகாரியின் கையெழுத்து. அவ்வளவு திருத்தமான ஆங்கிலத்தை நான் கான்வென்டை விட்ட பிறகு பார்த்ததில்லை. பழைய படிவங்களைப் பார்த்து டைப் செய்யும் வேலை. உன் அப்பாவுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த நியமனக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைவிட இதுதான் கம்பீரமாக இருந்தது. முகவரியைத் தலைப்பில் போடுகிறவன் ஒளிந்துகொள்ள மாட்டான் என்று ஜாயிடம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் மமதா கூப்பிட்டபோது போனை ஜாயின் கையிலிருந்து நானே வாங்கி, ஒரு கடிதம்கூட எழுதத் தெரியாத இடத்துக்கு என் மகளை அனுப்ப மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண், சரி என்பதற்குக் கன்னடத்தில் "ஆய்த்து ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள். ஜாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் பேசியிருப்பேனேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்து ஒன்று கேட்டிருந்தார்கள். அப்பா தன் காலத்தில் சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு ஜாமீன் நின்றவர், நால்வரும் அவர் பெயரைக் கெடுக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து மை ஊற்றி என் முழுப்பெயரையும் அழகாகப் போட்டேன். சொன்னால் நம்ப மாட்டாய், வேலையை முடிக்கக் கொடுத்த அந்த ஏழு நாளும் வீடு வீடாக இருந்தது. அவர்கள் அனுப்பிய படிவப் படங்களில் எழுத்து மங்கலாக இருந்ததால் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கப் படிக்க அவள் டைப் அடிப்பாள், நடுவில் ராகிக் கஞ்சி குடிப்போம், குடை காற்றில் பிய்த்துக்கொண்டால் இருவரும் சிரிப்போம். ஏழாம் நாள் சாயங்காலம், ஒப்படைக்க இன்னும் பத்துப் படிவம் இருக்கையில், டைப் அடித்ததை ஏற்றுகிற வெப்சைட் பக்கமே திறக்கவில்லை. மறுநாள் காலையில் வக்கீல் என்று ஒருவன் கூப்பிட்டான். வேலையை முடிக்கவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள், இல்லையென்றால் மகளும் ஜாமீன் போட்ட தாயும் கோர்ட்டுக்கு வர வேண்டும், போலீஸ் வீட்டுக்கு வரும் என்றான். சாயங்காலமே நோட்டீசும் வந்தது. அதே அழகான ஆங்கிலம்.

ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிட்டார்கள். ஜாய் ஒவ்வொரு தடவையும் எடுத்து, சார், சார் என்று கெஞ்சுவாள். ஒரு நாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னும் ஒரு வாரம் கொடுங்க சார், எங்கம்மாவ விட்டுடுங்க என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் போன் அரிசிக்குள் போயிற்று. பெங்களூரில் இருக்கும் தன் நண்பனை பர்னபாஸ் அந்த முகவரிக்கு அனுப்பிப் பார்த்தான். அங்கே கரும்பு ஜூஸ் கடை இருக்கிறதாம். "டூப்பு ஆன்ட்டி, எல்லாம் டூப்பு, தூக்கிப் போட்டுட்டு மீன் கொளம்பு வைங்க" என்றான். நான் நோட்டீசை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இந்த வயதில் முதல் தடவை. ரைட்டர் நல்ல மாதிரி, நாற்காலி போட்டார். "இன்னாம்மா, நீங்களே இங்கிலீஷ் படிச்சவங்க, இதுக்குப் போயி பயந்துகினு. வாரத்துக்கு ரெண்டு பேரு இதே பேப்பரத் தூக்கினு வர்றாங்க. காசு மட்டும் கட்டிடாதீங்க. கம்ப்ளெயின்ட் குடுக்கணும்னா ஒங்க பொண்ணக் கூட்டினு வாங்க, அவங்க பேர்லதான எழுதணும்" என்றார். அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். "பயப்படாதீங்கன்றத எப்டிம்மா எழுதிக் குடுக்கிறது" என்றார் ரைட்டர்.

இதுதான் இப்போது என்னால் தாண்ட முடியாத இடம். ஸ்டேஷனுக்குப் போனால் அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள் என்று ஜாய் வர மறுக்கிறாள். பைக் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போகிறாள். பர்னபாஸ் போனில் நீ அவளிடம் பயப்படாதே என்று சொன்னாய் அல்லவா, "அண்ணன் சமாதானத்துக்குச் சொல்றாரு, அவங்க கையில என் கையெழுத்து இருக்குதும்மா" என்கிறாள். அச்சடித்த காகிதத்தை நம்பு, வாய் வார்த்தையை நம்பாதே என்று அவளை வளர்த்தவள் நான்தான், அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போனைத் திறந்தால் அவர்கள் கூப்பிடுவார்கள். திறக்காவிட்டால் வேலை கொடுக்கிற ஒருவரும் கூப்பிட முடியாது. மமதாவின் நம்பரும் அதற்குள்தான் இருக்கிறது. தினம் காலையில் அரிசி அளக்கும்போது கை அதன்மேல் படுகிறது, கையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இன்னொன்று. மமதாவைத் துரத்தியது என் தவறு என்று ஜாயிடம் சொல்ல மூன்று தடவை வாய் திறந்தேன். மூன்று தடவையும் ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டு முடித்தேன். அவளும் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. திட்டினால் தேவலை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. நிக்கோலும் வேலை தேடுவதாகச் சொன்னாயே, யாராவது முன்பணமோ ஜாமீனோ கேட்டால் அங்கேயே எழுந்து வரச் சொல், காகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டு வாசலில் சமாதானம் தங்க மாதா துணை நிற்கட்டும்.

ஜாய்க்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். வேலை கொடுத்த கம்பெனி பொய், நோட்டீஸ் பொய், உன்னைக் கூட்டிப் போக யாரும் வர மாட்டார்கள், அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போய்க் கம்ப்ளெயின்ட் கொடு, பிறகு மமதாவைக் கூப்பிடு, அன்று தவறு செய்தது அம்மா என்று உன் கையால் எழுது. தலைப்பு, முத்திரை எதுவும் வேண்டாம், கோடு போட்ட தாள் போதும். உன் கையெழுத்தை அவள் நம்புவாள். அது வந்ததும் குண்டானை இறக்கிப் போனை நானே அவள் கையில் கொடுக்கிறேன்.

போனில் சொல்லாதே. பதிலை ஜாய் பெயருக்கு எழுதித் தபாலில் போடு.

உன் அம்மா,
லூயிசா ஏசுபாதம்